ஸ்பேஸ் பாருக்குப் பின்னால் ஒரு சத்தம்

என் புருஷன் ரெனான்டேவுக்குக் காது ரொம்பக் கூர்மை என்று ஊரே சொல்கிறது. ஊர் என்றால் எங்கள் மண்டாவே நகரத்து ஜனங்கள் இல்லை. இணையத்தில் கூடும் கீபோர்டு பைத்தியங்களின் குழு. ஸ்பேஸ் பாரை ஒரு தட்டுத் தட்டினால் போதும், உள்ளே இருக்கும் கம்பியில் கிரீஸ் பத்தவில்லை என்று சொல்லிவிடுவான். இடது முனையா வலது முனையா என்றுகூடச் சொல்வான். சோறு தீய்கிறது, அடுப்பை அணை என்று நான் குளியலறையிலிருந்து கத்தினால் மட்டும் அந்தக் காது கேட்காது.

முதலில் மவுஸில்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்தான், உடம்பெல்லாம் ஓட்டை. காசு கொடுத்து ஓட்டை மவுஸ் வாங்குவானேன் என்று கேட்டேன். கனம் குறையுமாம். நான் மாவு நிறுக்கும் தராசில் அதை வைத்து, கர்ப்பிணிக்குப் பார்ப்பது போலத் தினமும் எடை பார்த்தான். அது போதாதென்று பிரித்துப் போட்டு உள்ளே இருந்த பிளாஸ்டிக்கை அரத்தால் ராவினான். ஓட்டை வழியாக எறும்பு புகுந்து குடித்தனம் நடத்தியது தனிக் கதை.

"கையில எடுத்துப் பாரு ஜோவி. இருக்கிறதே தெரியாது" என்றான்.

"இருக்கிறதே தெரியக் கூடாதுன்னா எதுக்குய்யா வாங்கின? மவுஸுல ஒரு கிராம் குறைக்கிறதுக்கு இந்தப் பாடு படுறியே, அந்தத் தொப்பையைக் கொஞ்சம் ராவக் கூடாதா?"

பொய் சொல்லக் கூடாது, கையில் எடுத்தபோது நன்றாகத்தான் இருந்தது. நினைத்த இடத்துக்கு அதுவாகவே போனது. ஆனால் முகத்தில் காட்டாமல் கீழே வைத்துவிட்டேன். காட்டினால் இன்னொன்று வரும்.

பிறகு கீபோர்டு. அதற்கப்புறம் எங்கள் சாப்பாட்டு மேஜை சாப்பாட்டைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சுவிட்ச், ஒவ்வொரு சுவிட்சுக்குள்ளும் ஒரு ஸ்பிரிங். எல்லாவற்றையும் பிரித்துத் தட்டில் பரப்பி, பொட்டு வைப்பது போல மெல்லிய பிரஷால் கிரீஸ் தடவுவான். நாங்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சோறும் கருவாடும் சாப்பிடுவோம். கருவாட்டு எண்ணெய் கையோடு கிட்டே போனால் போச்சு, குலதெய்வத்தைத் தீண்டிவிட்ட மாதிரி கத்துவான்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பதிவுதான் என் உயிரை வாங்கியது. ஒரு கீபோர்டைச் செய்து முடித்தால் அதில் தட்டச்சு செய்து, சத்தத்தைப் பதிந்து, குழுவில் போட வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம். எல்லோரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டு, 'டொக்' என்று வருகிறதா 'டக்' என்று வருகிறதா என்று பஞ்சாயத்து பேசுவார்கள். அதற்காக வீட்டில் மின்விசிறி ஓடக் கூடாது. பிரிட்ஜைப் பிடுங்கிவிட வேண்டும். ஜன்னலுக்குப் போர்வை. பக்கத்து வீட்டுச் சண்டைச் சேவல் கூவாமல் இருக்க அதற்கு மக்காச்சோளம் போட்டுவிட்டு வருவான். பெற்ற பிள்ளைக்குச் சோறூட்ட இவ்வளவு சிரத்தை கிடையாது. நான் துணிக்கூடையோடு வெளியே வராந்தாவில் நிற்பேன். வேர்த்துக் கொட்டும்.

எங்கள் பிள்ளை யான்னோவை மட்டும் உள்ளே விட்டுவைப்பான். அவன் மேஜைக்கு அடியில் பழைய கீபோர்டு பட்டன்களை வைத்து விளையாடிக்கொண்டிருப்பான்.

"அவன் இருந்தா பரவாயில்லை. அவன்தான் சத்தமே போடமாட்டானே" என்பான் ரெனான்டே.

யான்னோவுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டியதைக் கைநீட்டிக் காட்டுவான், கிடைக்காவிட்டால் அழுவான், அவ்வளவுதான். நான் பஸிலிக்கா தேவாலயத்துக்குப் போய், மெழுகுவர்த்தி விற்கும் அம்மாளிடம் பிள்ளையின் பெயரைச் சொல்லி, சாந்தோ நின்யோ என்ற குழந்தை ஏசு சிலைக்கு முன்னால், எங்கள் ஊர் வழக்கப்படி அவள் ஆடி வேண்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும்போது, அம்மாவோடு வரும் பிள்ளைகள் எல்லாம் 'அம்மா அது வேணும், இது வேணும்' என்று பிடுங்கி எடுக்கும். அந்த அம்மாக்கள் 'வாயை மூடு' என்று அதட்டுவார்கள். அவர்களை அறையலாம் போல எனக்கு ஆத்திரம் வரும்.

டாக்டர் சால்வசியோன் யான்னோவின் காதைச் சோதித்துவிட்டு, காது நன்றாக இருக்கிறது என்றார்.

"அவன் என்ன சத்தம் போட்டாலும் உடனே திரும்பிப் பாருங்க. பதில் சொல்லுங்க. அது அர்த்தமில்லாத சத்தமா இருந்தாலும் பரவாயில்ல" என்றார். "வர்ற வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள ஒரு வார்த்தையாவது வருதான்னு பாப்போம். வரலைன்னா மணிலாவுக்கு அனுப்பிப் பெரிய டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

அன்றிலிருந்து நான் பைத்தியம் மாதிரி ஆகிவிட்டேன். 'இது என்ன யான்னோ? பன். சொல்லு, பன்.' பன்னை வாங்கித் தின்றுவிட்டுப் பேசாமல் போய்விடுவான். காலையில் நான் கடைக்குப் போய்விடுவேன். ரெனான்டே இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வீட்டில் இருப்பான். 'அவனோட பேசிக்கிட்டே இருய்யா' என்று கும்பிட்டுச் சொல்லிவிட்டுப் போவேன். திரும்பி வந்தால் பிரிட்ஜ் ஒயர் தரையில் கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். யான்னோ தூங்கிக்கொண்டிருந்தான். நான் மீன் வறுத்துக்கொண்டிருந்தேன். மேஜையிலிருந்து ஒரு கூச்சல்.

"போச்சு! மானம் போச்சு! ஜோவி, இங்க வா!"

முந்தின நாள் புது கீபோர்டின் சத்தத்தைக் குழுவில் போட்டிருந்தான். அதற்கு இலோய்லோ ஊர்க்காரன் ஒருவன் பதில் எழுதியிருந்தான்.

"கேளு இதை. 'கீபோர்டு அருமை. ஆனா கடைசியில ஒரு குழந்தை குரல் விழுது. அதை வெட்டிட்டுப் போடுங்க'ன்னு எழுதியிருக்கான். நான் பத்துத் தடவை கேட்டுட்டுத்தானே போட்டேன்! எனக்கு ஒண்ணும் கேக்கலையே?"

"குழந்தையா? எந்தக் குழந்தை?"

"எனக்கென்ன தெரியும்? வராந்தால யாராவது..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். நானும் கரண்டியோடு அப்படியே நின்றேன். சனிக்கிழமை வராந்தாவில் இருந்தது நான் ஒருத்திதான்.

ஹெட்போனை அவன் கையிலிருந்து பிடுங்கி என் காதில் வைத்துக்கொண்டேன். டொக் டொக் டொக் என்று தட்டுகிறான். இதற்காகவா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று அப்போதும் ஒரு எரிச்சல் வந்தது. பிறகு தட்டுவது நின்றது. சின்னதாக, மேஜைக்கு அடியிலிருந்து, 'அப்பா' என்று ஒரு குரல். மறுபடி டொக் டொக். மறுபடி 'அப்பா.' இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக. அப்புறம் தட்டல் மட்டும்தான்.

ஹெட்போனைக் கழற்றினேன். அவன் காதில் மாட்டிவிட்டேன். கேட்டான். வாய் பிளந்தபடி இருந்தான்.

"யான்னோவா?" என்றான்.

"பின்ன சேவலா கூப்பிட்டுச்சு? ஏன்யா, பிள்ளை கூப்பிட்டப்ப நீ என்னதான் பண்ணிட்டிருந்த?"

"ஹெட்போன் போட்டிருந்தேன் ஜோவி. ஸ்பிரிங் சத்தம் வருதான்னுதான் கவனிச்சேன். வேற எதையும்..." அவன் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தான். "கால்ல வந்து இடிச்சான். கையைக் காட்டினேன்."

"என்னன்னு?"

"சும்மா இருன்னு."

இரும்புச் சத்தமும் பிளாஸ்டிக் சத்தமும் கேட்கும் காதுக்கு, பெற்ற பிள்ளையின் முதல் வார்த்தை கேட்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். தோளில் கிடந்த துண்டால் முதுகில் நாலு போட்டேன். அவன் தடுக்கவில்லை. நான் ஓடிப்போய்ப் பிள்ளையைப் பார்த்தேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினான். எழுப்பிச் சொல்லச் சொல்லலாமா என்று மனசு துடித்தது. எழுப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன். கோபமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது.

திரும்பி வந்தபோது அவன் கம்ப்யூட்டரில் வேறு ஒரு போல்டரைத் திறந்து வைத்திருந்தான். வீணாய்ப் போன பதிவுகளைக்கூட அழிக்க மாட்டான், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். சேவல் கூவிக் கெட்டது, ஜீப்னி வண்டி ஹாரன் அடித்துக் கெட்டது, இன்னதென்று தெரியாமல் கெட்டது என்று எல்லாம் கிடந்தன. ஒன்றொன்றாகப் போட்டுக் கேட்டான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேவல் வந்தால் தள்ளிவிடுவான். திடீரென்று அவன் கண் சுருங்கும். எனக்குக் கொடுப்பான். 'அப்பா.' இன்னொன்றில் 'அப்பா, அப்பா.'

"இது எப்பப் பதிஞ்சது?" என்று கேட்டேன்.

அவன் திரையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி."

அப்படியானால் அந்த டாக்டர் முன்னால் நான் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே, பிள்ளை பேசிக்கொண்டிருந்திருக்கிறான். எந்தப் பதிவிலும் அம்மா இல்லை. அதுவும் எனக்குச் சுருக்கென்று தைத்தது, மறைப்பானேன். தினமும் பன்னைக் காட்டிக் கெஞ்சியவள் நான். அவன் கூப்பிட்டது இந்தச் செவிடனை.

மீன் கருகும் வாசனை வந்தது. போய் அடுப்பை அணைத்தேன். அவன் ஹெட்போனைக் கழற்றவேயில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியை மேஜையில் முட்டுக்கொடுத்து, ஒரு பதிவையும் விடாமல் தோண்டிக்கொண்டிருந்தான். கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

அப்போதுதான் யான்னோ எழுந்து வந்தான். தலைமுடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. என்னைப் பார்க்கவில்லை. நேரே அப்பன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா" என்றான். என் காதாலேயே கேட்டேன்.

ரெனான்டே திரும்பவில்லை. கண்ணைத் திறக்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டிக் காட்டினான்.

"ஷ்ஷ், சும்மா இரு. யான்னோ பேசுறதைக் கேட்டுட்டிருக்கேன்."

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அந்த ஹெட்போனை அவன் தலையிலிருந்து பிடுங்கித் தரையில் எறிந்தேன்.

"பின்னாடி திரும்புய்யா!" என்று கத்தினேன்.