கை தூக்காத ஒன்பது பேர்

மிதுனா இரண்டு கிழமையாக எழுதித் திருத்திய தீர்மானம் ஒரு பக்கம்தான். மேற்பாதியில்: கொஞ்சக் கஞ்சாவோடு பிடிபடுகிறவர் மேல் பொலிஸ் பதிவு வேண்டாம், டொக்டரிடம் அனுப்புங்கள். கீழ்ப்பாதியில்: விற்பதென்றால் அரசாங்கமே விற்கட்டும், அரசாங்க மதுக்கடை மாதிரி. இருபது வயதுக்கு மேல், விளம்பரம் இல்லாமல், சனிக்கிழமை மூன்று மணிக்குப் பூட்டி. நோர்வேயின் குரோருட் பகுதிக் கட்சிக் கிளை ஏற்றுக்கொண்டால் அது மார்ச்சில் கட்சியின் ஒஸ்லோ நகர மாநாட்டுக்குப் போகும். மருந்தியல் படிக்கிற, வாய் திறக்கவே கூச்சப்படுகிற ஒருத்திக்கு அது பெரிய காரியம்.

2006 பெப்ரவரியில் கிளையின் ஆண்டுக் கூட்டம். பள்ளிக்கூட அறைக்குள் உதயகுமாரி மாமி எட்டுப் பேரோடு நுழைந்தார். தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் சங்கத்தை நடத்துகிறவர். எல்லாரும் கட்சி அங்கத்தவர்கள், ஆனால் கூட்டமென்று ஒருவரும் இதுவரை வந்ததில்லை.

“என்ன மாமி, இந்தப் பனிக்குள்ளை?” என்றாள் மிதுனா.

“உன்ரை கஞ்சாவைத் தோற்கடிக்கத்தான் பிள்ளை. கோவிக்காதை. கோப்பி எங்கை?”

கோப்பியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து மாமி தன் படைக்குக் கட்டளை இட்டார்: “ஒருத்தரும் கதைக்கத் தேவையில்லை. கை தூக்காமல் இருந்தால் காணும்.”

பெற்றோர் சங்கத்தில் அதுதான் வழக்கம். விருப்பமானவர்கள் கை தூக்குவார்கள். விருப்பமில்லாதவர்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யார் முகத்துக்கு நேரே எதிர்ப்பது?

தலைவர் கோரெ ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், அவசரக்காரர். ஒவ்வொரு விடயத்துக்கும் “எதிர்ப்பவர்கள் கை காட்டவும்” என்று, கடைசி வரிசைக்குக் கேட்காமல், நோர்வேஜிய மொழியில் முணுமுணுத்தார். யாரும் கை தூக்கவில்லை. சுத்தியலால் ஒரு தட்டு, அடுத்தது. பஸ் தரிப்பிடத்துக்குக் கூரை, தட்டு. பனிச்சறுக்குப் பாதைக்கு விளக்கு, தட்டு.

“பாத்தியளோ,” மாமி தன் கணவர் அருட்செல்வத்தின் காதைக் கடித்தார். “கூரைக்கே இவங்கள் கை தூக்கேல்லை. கஞ்சாவுக்கோ தூக்கப்போறாங்கள்?”

“பாவம், லைற்றும் போச்சு,” என்றார் அவர்.

அவர்களுக்கு நேர் முன்னால் இருந்த மிதுனாவுக்கு அது கேட்டது.

அவளுடைய முறை வந்தது. இரண்டு நிமிடம் வாய்க்குள்ளேயே வாசித்தாள். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கோரெ வழமைபோல் அதையே முணுமுணுத்தார். முன் வரிசையில் இரண்டு கிழவர்கள் மட்டும் கையை உயர்த்தினார்கள்.

“ரெண்டே ரெண்டு வோட்!” மாமியின் முகம் மலர்ந்தது.

சுத்தியல் மேலே போயிற்று. மிதுனா சும்மா இருந்தால் போதும், பத்தொன்பதுக்கு இரண்டு என்று வென்றுவிடுவாள். சும்மா இருப்பதில் அவளை வெல்ல அந்த அறையில் ஆளில்லை.

அவள் கையைத் தூக்கினாள்.

“உன் தீர்மானத்துக்கு நீயே எதிரா?” கோரெ கேட்டார்.

அவள் பின்னால் திரும்பினாள். “மாமி, இஞ்சை எதிர்க்கிற ஆக்கள்தான் கை தூக்கவேணும்.”

“அப்ப கூரை?” என்றார் அருட்செல்வம்.

“வரப்போகுது மாமா.”

“லைற்?”

“அதுவும்.”

“நல்லதாப் போச்சு!”

மிதுனா தலைவருக்கு விளக்கினாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி கேட்டார். கிழவர்களின் இரண்டு கைகளோடு கடைசி வரிசையின் ஒன்பது கைகளும் ஒன்றாக எழுந்தன. பதினொன்றுக்குப் பத்து. தீர்மானம் விழுந்தது. இடைவேளை.

மாமி நேரே அவளிடம் வந்தார். “விசரி. பேசாமல் இருந்திருந்தால் வெண்டிருப்பாய்.”

“நீங்கள் வேண்டாமெண்டு சொல்ல வந்தனீங்கள். அதை வேணுமெண்டு காட்டி, மாநாட்டிலை நான் எப்பிடி மாமி நிண்டு வாசிக்கிறது?”

மாமி கோப்பியை மேசையில் வைத்தார். “அப்பிடி என்னதான் எழுதினனீ?”

“வாசிக்கேல்லையோ?”

“தலைப்போடையே மூடிப்போட்டன்.”

கைப்பையிலிருந்து கிளை அனுப்பியிருந்த தாளும் கண்ணாடியும் வந்தன. மாமி நின்றபடியே வாசித்தார்.

“பொலிசிட்டை இல்லாமல் டொக்டரிட்டையோ?”

“ஓம்.”

“இது நல்லாத்தானே இருக்கு. ஆனா கடை போட்டு விக்கிறதுக்கு நான் செத்தாலும் சம்மதியன்.”

“சனிக்கிழமை மூண்டு மணிக்குப் பூட்டினால் ஆர் வாங்கிறது?” என்றார் அருட்செல்வம். “வைனுக்கே நான் ஓடித் திரியிறன்.”

“நீங்கள் வாயை மூடுங்கோ.”

மாமி தாளைக் குறுக்கே மடித்து, நகத்தால் அழுத்திக் கீறி, இரண்டாகக் கிழித்தார். கீழ்ப்பாதியை மிதுனாவின் கையில் வைத்தார். மேற்பாதியோடு தலைவரை நோக்கி நடந்தார். கோப்பிக் கோப்பைகளை வைத்துவிட்டு எட்டுப் பேரும் பின்னால் போனார்கள்.