ஐந்தாவது மாடிக்கு ஒரு புத்தகம்

மன்சூரா நகரத்தில் நீஷ் இல்லாமல் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடந்ததாகச் சரித்திரம் கிடையாது. கூடத்தில் வாசலைப் பார்த்து நிற்கும் கண்ணாடி அலமாரி அது. எழுபத்திரண்டு பீங்கான் சாமான்கள் அதற்குள் போகும். போனது போனதுதான், எந்தக் காலத்திலும் வெளியே வராது. விருந்தாளி வந்தால் சாயம் போன தட்டில்தான் சோறு. நல்ல தட்டு உடைந்துவிட்டால் என்ன ஆவது?

செவ்வாய்க்கிழமை காலை நஷ்வா தன் வருங்கால வீட்டின் நீஷ் முன்னால் மண்டியிட்டுச் சூப்புக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை நிக்காஹ். வீடு ஐந்தாவது மாடியில், லிஃப்ட் இல்லை. நாலாவது மாடியில் மாமியார் இன்ஷிராஹ் குடியிருந்தாள். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் அவள் வாசலைத் தாண்டாமல் போக முடியாது. அந்த வாசல் கதவு சாத்தியிருந்து யாரும் பார்த்ததில்லை.

"இந்த அட்டைப்பெட்டியெல்லாம் என்னடி மருமகளே? படியில ஏறவே வழியில்ல."

"புத்தகம் அத்தை."

"பதினொரு பெட்டியா? கடை வைக்கப் போறியா?"

நஷ்வாவின் அம்மா அவாதிஃப் அவசரமாகச் சிரித்தாள். "சும்மா வாங்கி வாங்கி வச்சிருக்கா. கல்யாணம் ஆனா எல்லாம் தானா மறந்துடும்."

மாப்பிள்ளை ஷிஹாப் ஒரு பெட்டியைத் தூக்கி மொட்டைமாடிப் படியில் வைத்தான். "இங்க எதுக்கு இடம்? ரெண்டு மாசத்துல தம்மாம் போயிடுவோம்ல, அங்க அலமாரி வாங்கித் தரேன்" என்றான். வளைகுடாவில், தம்மாமில் அவனுக்கு எட்டு வருஷமாக வேலை, குளிர்சாதனம் பழுது பார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். இரண்டு மாதத்தில் விசா வந்துவிடும் என்று நிச்சயத்தன்று சொன்னவனும் அவன்தான். அதை நம்பித்தான் பள்ளிக்கூட நூலக வேலைக்கு நஷ்வா போன மாதம் ராஜினாமா கொடுத்தாள். கொடுத்த அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். புது ஊர், புது வாழ்க்கை என்று அம்மா சமாதானம் செய்தாள், அவளும் சமாதானம் ஆனாள். ஆக வேண்டியிருந்தது.

அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. காதல் கீதல் ஒன்றும் இல்லை, அந்த அளவுக்கு அவளுக்கு நேரம் இருந்ததில்லை. இணையத்தில் ஒரு பக்கம் நடத்தினாள். பெயர் ‘மூன்றாம் தட்டு’. தலைமையாசிரியைக்குப் பிடிக்காத புத்தகங்களை அவள் நூலகத்தில் மூன்றாவது தட்டில், அகராதிகளுக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். அங்கிருந்து வந்த பெயர். ஆறு வருஷத்தில் நாற்பதாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். படக்கதை, மாயக்கதை, காதல் கதை, இந்த மூன்றையும் பற்றித்தான் எழுதுவாள். மற்றதைப் பற்றி எழுத ஊரில் அறிஞர்களுக்குப் பஞ்சமா?

கேட்பவர்களுக்கு ஒரு விதி. பெயர் சொல்லக் கூடாது. வயது, கடைசியாக முடித்த புத்தகம், பாதியில் தூக்கி எறிந்த புத்தகம், இப்போது வாழ்க்கையில் என்ன நடக்கிறது, இந்த நாலையும் எழுத வேண்டும். ஆளைத் தெரியாமல் புத்தகம் சொல்வது, நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பது என்பது அவள் கட்சி. அவள் பெயரும் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அக்கா.

அன்று மதியம் தன் வீட்டு அறையில் உட்கார்ந்து அந்த வாரக் கடிதங்களுக்குப் பதில் எழுதினாள். யாரோடும் பேசாத ஏழு வயதுப் பையனின் அம்மாவுக்கு, சந்தையில் தொலைந்துபோகும் கழுதையைப் பற்றிய ஒரு படப் புத்தகம். ‘இதில் ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. நீங்கள் விளக்கம் சொல்லாதீர்கள். பக்கத்தைத் திருப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். கழுதை எங்கே போனது என்று அவன் சொல்லட்டும்.’ போர்ட் சயீத் பக்கத்து ஓய்வுபெற்ற ராணுவ சார்ஜெண்டுக்கு டிராகன் இல்லாத புத்தகம் ஆகாது. ‘முதல் நூறு பக்கம் ராஜவம்சத்துச் சொத்துத் தகராறு. தாண்டிப் போங்கள். நூற்றியோராவது பக்கத்தில் டிராகன் வருகிறது, அதற்கும் உங்களைப் போல முதுகுவலி.’ பணக்காரன் வராத காதல் கதை கேட்ட மருந்துக்கடைப் பெண்ணுக்கு, பஸ் மெக்கானிக்கைக் காதலிக்கும் ஒருத்தியின் கதை. ‘நகத்தில் கிரீஸோடு வருகிறான், நம்பலாம். பதினான்காம் அத்தியாயத்தில் எழுத்தாளருக்குப் பயம் வந்து அவனுக்கு ஒரு பணக்கார மாமாவைக் கண்டுபிடிக்கிறார். அந்த அத்தியாயத்தை மட்டும் படிக்காதீர்கள்.’

அடுத்த கடிதத்தைத் திறந்தாள்.

‘வயசு முப்பத்திமூணு. கடைசியா முடிச்சது பத்தாங்கிளாஸ் பாடப் புத்தகம். தூக்கி எறிஞ்சதும் அதேதான். என் தங்கச்சிதான் உங்ககிட்ட கேக்கச் சொன்னா. வியாழக்கிழமை எனக்கு நிக்காஹ். பொண்ணு கதைப் புத்தகமாப் படிக்கும். ரெண்டு மாசத்துல தம்மாம் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன். குடும்ப விசா கிடைக்கிற சம்பளம் எனக்கு இல்ல, கிடைக்கவும் கிடைக்காது. அவ மன்சூராவுல அஞ்சாவது மாடியில இருந்துக்கிட்டு அம்மாவைப் பாத்துக்கணும், அம்மாவுக்கு முட்டிவலி. நான் வருஷத்துக்கு ஒருக்கா வருவேன். தெரிஞ்சதும் அழுவா. அழுற பொண்ணை அமைதியா உக்கார வைக்கிற மாதிரி ஒரு புத்தகம் சொல்லுங்க. தடியா இருந்தா நல்லது. படம் இருந்தா இன்னும் நல்லது.’

நஷ்வா அதை மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறையும் அதேதான் எழுதியிருந்தது. பத்து மாத நிச்சயத்தில் ஷிஹாப் அவளிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

அழவில்லை. கோபமும் உடனே வரவில்லை, அது பழக்க தோஷம். எந்தக் கடிதம் வந்தாலும் அவள் திருப்பி ஒரு கேள்வி கேட்பாள், இதற்கும் கேட்டாள்: ‘அவளுக்கு இது தெரியுமா?’

‘தெரிஞ்சா கையெழுத்துப் போடுவாளா அக்கா?’

‘ஏன் அவளையே கட்டுகிறீர்கள்?’

‘அம்மாவுக்குப் புடிச்சிருக்கு. பொறுமையான பொண்ணு. எதுத்துப் பேசாது.’

‘வியாழனுக்கு முன்னால் அவளிடம் உண்மையைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு வந்து புத்தகம் கேளுங்கள்.’

‘சரிக்கா’ என்று வந்தது. ஒரு ரோஜாப் பூவும் கூடவே வந்தது.

புதன்கிழமை காலை கிலோக் கணக்கில் பஸ்பூசா ரவை இனிப்போடு ஷிஹாப் வந்தான். அவாதிஃப் காபி போட உள்ளே போனாள். நஷ்வா அவனுக்கு எதிரே உட்கார்ந்து, தன் வாழ்நாளில் யாருக்கும் கொடுக்காத அவகாசத்தை அவனுக்குக் கொடுத்தாள்.

"எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"என்ன சொல்லணும்?"

"தம்மாம்ல வீடு எப்படின்னு."

"பால்கனி உண்டு" என்றான் ஷிஹாப். "பக்கத்துலயே கடல். வந்து பாரு."

பால்கனி உண்டு என்றபோது அவன் அவள் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். அவன் கிளம்பிப் போய்த் தெருமுனை திரும்பியிருக்க மாட்டான், ‘மூன்றாம் தட்டு’க்குச் செய்தி வந்துவிட்டது.

‘சொல்லிட்டேன் அக்கா. கொஞ்சம் அழுதா, அப்புறம் உங்க இஷ்டம்னு கையப் புடிச்சிக்கிட்டா. இப்ப புத்தகத்தைச் சொல்லுங்க.’

இத்தனை நேரம் அவனிடம் மிச்சம் இருந்த ஒரே நல்ல குணம், முகம் தெரியாத அக்காவிடம் உண்மை பேசினான் என்பதுதான். அதுவும் போயிற்று. இப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. செல்போனை எடுத்துக்கொண்டு நேரே அப்பாவிடம் போனாள்.

ஹில்மி நீர்ப்பாசன அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்புகளுக்கு நடுவே இருந்தவர். எதையும் இரண்டு முறை படிப்பார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மாப்பிள்ளையையும் சம்பந்தியையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். மாலைத் தொழுகை முடிந்து அவர்கள் வந்தபோது நஷ்வா சுவரோரம் நின்றாள். சாட்சி கையில் இருக்கிறது, இனி என்ன பயம் என்று நினைத்தாள். கதைப் புத்தகம் படிப்பவர்களுக்கே உரிய மூடத்தனம் அது.

ஷிஹாப் தன் கடிதத்தைப் பார்த்ததும் வெளுத்துப்போனான். ஆனால் நஷ்வாவின் செல்போன் இப்போது அவன் கையில் இருந்தது. மற்ற கடிதங்களைக் கட்டை விரலால் தள்ளிக்கொண்டே போனான். முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

"இந்தப் பக்கம் உன்னுதா?"

"ஆமா."

"நாப்பதாயிரம் பேரா? ஆம்பளைங்களுமா?" அவன் சத்தமாகப் படித்தான். "‘என் ராணியே, உங்க டிராகன் என்னை அழ வச்சிடுச்சு.’ யாரு இவன்?"

"ஓய்வுபெற்ற சார்ஜெண்ட். அறுபத்தொரு வயசு."

"அல்லாஹ்வே!" என்று இன்ஷிராஹ் நெஞ்சில் கை வைத்தாள். "ராணியாம்ல! கல்யாணம் நிச்சயமான பொண்ணுக்குப் பட்டாளத்துக்காரன் கடுதாசி போடுறான்!"

"அவர் புத்தகத்தைப் பத்தி..."

"பத்து மாசமா என்கிட்ட மறைச்சிருக்கே" என்றான் ஷிஹாப். "நானாவது ஒரு பொய் சொன்னேன். நீ நாப்பதாயிரம் பேரை மறைச்சிருக்கே."

"விசா?"

"விசா தள்ளிப்போகும்னுதான் அர்த்தம். முகம் தெரியாதவங்ககிட்ட ஆயிரம் சொல்லுவோம். அதைப் புடிச்சிக்கிட்டு..." அவன் எழுந்து நின்றான், பெரிய மனுஷனாக. "சரி, போகட்டும் மாமா. நான் மன்னிக்கிறேன். அந்தப் பக்கத்தை அழிச்சிடட்டும். நாளைக்கு நிக்காஹ் நடக்கும்."

மன்னிக்கிறானாம்! அவாதிஃப் அழுதுகொண்டே அவனை வாழ்த்தினாள். இப்படி ஒரு தங்கமான மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பான் என்றாள். நஷ்வா அப்பாவைப் பார்த்தாள். ஹில்மி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊருக்கெல்லாம் சொல்லியாச்சும்மா" என்றார் மெதுவாக. "அழிச்சிடு."

அவர்கள் பார்க்க அழித்தாள். ஆறு வருஷம் எழுதியது போக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பையனின் அம்மா, மருந்துக்கடைப் பெண், சார்ஜெண்ட் எல்லோரும் போனார்கள். சம்பந்தி வீட்டார் கிளம்பியபின் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, எனக்கு மூச்சு முட்டுது."

"யாருக்குத்தான் முட்டல? படிப்பை முடிக்க விடுறேன்னு உங்கப்பாகூடத்தான் சொன்னாரு. இப்ப என்ன, நான் செத்தா போயிட்டேன்?" அவாதிஃப் மகளின் கையில் வைத்த மருதாணியை ஊதிக் காயவைத்தாள். "காலையில சீக்கிரம் எழுந்திரு. விருந்துக்கு வாத்து அடுப்புல ஏத்தணும்."

நஷ்வாவுக்குத் தப்பிக்க வழி தெரியவில்லை. வேலையை விட்டாயிற்று. அவளுக்காகப் பேச ஆள் இல்லை. அவள் பேசினால் அது அவள் குற்றமாகத் திரும்பி வந்தது. இனி வாயைத் திறந்து என்ன பயன் என்று தோன்றியது. அந்த எண்ணத்தோடேயே வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டாள், அந்த எண்ணத்தோடேயே வண்டியில் ஏறினாள்.

பள்ளிவாசல் கூடம் நிரம்பி வழிந்தது. காஜியார் வயசானவர், அன்று அவருக்கு அது நாலாவது நிக்காஹ். மேசையின் இந்தப் பக்கம் ஹில்மி, அந்தப் பக்கம் ஷிஹாப். இருவரும் வலது கையைக் கோத்துக்கொண்டார்கள். காஜியார் அதன்மேல் வெள்ளைக் கைக்குட்டையை விரித்தார். நஷ்வா அந்தக் கைக்குட்டையைப் பார்த்தாள். அதற்கடியில் அவள் கை இல்லை. அவள் வாழ்க்கை முழுக்க அதற்கடியில் இருந்தது.

ஓதத் தொடங்குமுன் காஜியார் அவள் பக்கம் திரும்பினார். "மகளே, உன் சார்பா உங்கப்பா பேசலாமா? உனக்கு முழுச் சம்மதம்தானே?"

"இல்லை" என்றாள் நஷ்வா.

அவள் உதடு அசைந்ததுதான் தாமதம், இன்ஷிராஹ்வின் தங்கை குலவையிட்டாள். கூடத்தில் இருந்த அறுபது பெண்களும் கூடவே குலவையிட்டார்கள். குழந்தைகள் கைதட்டின. யாரோ மிட்டாயை அள்ளி வீசினார்கள். ஷிஹாப் படம் பிடித்த செல்போன்களைப் பார்த்துச் சிரித்தான். அவாதிஃப் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொன்ன சொல் யார் காதிலும் விழாமல் போனதை நஷ்வா பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியே விட்டுவிட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். காஜியார் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார். குலவை அடங்க நேரம் பிடித்தது.

"என்ன சொன்னே மகளே? இன்னொரு தடவை சொல்லு."

"இல்லைன்னு சொன்னேன். எனக்குச் சம்மதம் இல்லை."

இந்த முறை கடைசி வரிசை வரை கேட்டது.

"பொண்ணு வெக்கப்படுது காஜியாரே" என்றாள் இன்ஷிராஹ். "நீங்க ஓதுங்க."

காஜியார் ஓதவில்லை. ஹில்மியைப் பார்த்தார். ஹில்மி மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் இரண்டு முறை படித்துப் பழகியவர் இப்போது இரண்டாவது முறை கேட்டுவிட்டார். கையை இழுத்தார். கைக்குட்டை மேலெழும்பியது, ஆனால் கை வரவில்லை. ஷிஹாப் இறுக்கிப் பிடித்திருந்தான்.

"மாமா, ஊரே பாக்குது" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாக்கட்டும்" என்றார் ஹில்மி. "கைய விடுப்பா. எம் பொண்ணு சொல்லிட்டா."