டாக்டர் கெல்லரைப் பற்றி நாலு வார்த்தை

...நாலு வார்த்தை என்றால் எந்த நாலு வார்த்தை, இவளைப் பற்றியா, இல்லையாம், அவரைப் பற்றித்தானாம், உன் குரல் தேன் மாதிரி வெர்டெல், சர்ச்சில் பாடுகிற குரலாயிற்றே, நீ மேடையேறி என்னை அறிமுகப்படுத்தினால்தான் எனக்கு நிறைவு என்று டாக்டர் கெல்லர் போனில் குழைந்தார், இவளும் சரி சார் என்று சொல்லித் தொலைத்தாள், ஒரு நொடி யோசித்திருக்கக் கூடாதா... சாயங்காலம் விருந்து, பிட்ஸ்பர்கின் ரசாயனக்காரர்கள் அத்தனை பேரும் கூடி, ஈர இரும்பிலும் ஒட்டிக்கொள்ளும் வண்ணப்பூச்சைக் கண்டுபிடித்த மேதைக்கு எழுந்து நின்று கைதட்டப் போகிறார்கள், உண்மையில் கண்டுபிடித்த இவளோ ஒனைடாவின் பார்லரில் சுருட்டை முடியை நேராக்கும் களிம்பைத் தலை முழுக்க அப்பிக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

“ஆட்டாதீங்க டாக்டரம்மா, காதுல பட்டா பொத்துப் போயிடும்,” என்றாள் ஒனைடா. இவளுக்கா தெரியாது, காஸ்டிக் சோடா, அடைத்துக்கொண்ட சாக்கடையைத் திறக்கிற அதே சாமான், முடிக்குள் இருக்கும் கட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்து அதை வளைந்துகொடுக்க வைக்கிறது, இத்தனையும் தெரிந்துதானே தலையை நீட்டுகிறாள், விருந்துக்குச் சுருட்டை முடியோடு போனால் அந்த வெள்ளைக்காரர்கள் முகம் சுளிப்பார்களே... சுளிக்கட்டுமே, இந்தத் தலைக்குள் இருந்துதானே அவர்களுடைய பாலங்களுக்கு வண்ணம் வந்தது. முதல் நாள் ஆய்வுக்கூடத்தில் என்ன கொடுத்தார்கள், கழுவச் சொல்லி ஒரு தொட்டி நிறையக் குடுவை, டாக்டர் பட்டம் வாங்கி வந்தவளிடம், புதுசா வந்த வேலைக்காரியா என்று கேட்டவன் மன்னிப்புகூடக் கேட்கவில்லை, சிரித்தான். அப்புறம் அந்தப் போட்டோ! நம் கம்பெனியில் கறுப்பர்களும் விஞ்ஞானிகள்தான் என்று ஊருக்குக் காட்ட ஆள் வேண்டியிருந்தது, இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டு, குடுவையில் நீல மையைக் கரைத்துக் கையில் திணித்து, அதையே உற்றுப் பாருங்கள் என்றான் போட்டோக்காரன், பார்த்தாள், மைத்தண்ணீரை! காப்புரிமையில் மட்டும் ஒரே பெயர், கெல்லர். முகம் வேண்டும், பெயர் வேண்டாம்.

பக்கத்தில் முடி உலர்த்தும் எந்திரத்துக்கு அடியில் இருந்த லூவினியா, சர்ச்சில் இவளோடு பாடுகிறவள், எந்திரத்தின் இரைச்சலுக்கு மேல் கத்தினாள்: “ஏண்டி, அந்தாளுக்கு ஜால்ரா தட்டப் போறியாமே? கோழி வறுத்தது நீ, தின்னு தீர்த்தது அவன், ருசியா இருந்துச்சுன்னு மேடையேறிச் சொல்றதும் நீதானா?”

பார்லரே சிரித்தது. இவளும் சிரித்துவைத்தாள். “அவர் ஓய்வு பெறப்போறாரு லூவினியா. அந்த இடத்துக்கு என்னைச் சொல்றேன்னிருக்காரு.”

“போன தடவையும் சொன்னான்ல?”

சொன்னார்தான். போன தடவை மேல்பதவி ஒன்று காலியானபோதும் இதே குழைவு, இதே தேன், கடைசியில் இவளிடம் வேலை கற்றுக்கொண்ட பையன் போய் அதில் உட்கார்ந்தான், இன்றைக்கும் சந்தேகம் வந்தால் அவன் இவளிடம்தான் வருகிறான், வந்தால் இவள் சொல்லிக்கொடுக்கிறாள், அழகாக, பொறுமையாக... பொறுமை, பொறுமை, அம்மா சொன்ன பொறுமை, பாதிரியார் சொன்ன பொறுமை, யாருக்காக இது, கெல்லருக்காகவா, அந்தப் பையனுக்காகவா, இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவையாவது இது என்னுடையது என்று மேஜையைத் தட்டியிருக்கிறாளா... உச்சந்தலையில் சுருக்கென்றது, பிறகு நெருப்பு மாதிரிப் பரவியது, பல்லைக் கடித்தாள், வழக்கமாகக் கடிப்பதுதான், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் முடி நன்றாக நேராகும், நேரானால்...

“எரியுது,” என்றாள். “ஒனைடா, எரியுது. கழுவு.”

“இப்பவா? பாதிகூட நேராகலையேம்மா. பாதி சுருட்டையா, பாதி நேரான்னு கோரமா நிக்கும். விருந்து வேற இருக்கு.”

“நிக்கட்டும். எரியுதுன்னு சொல்றேன்ல!”

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது. லூவினியா எந்திரத்துக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்துப் பார்த்தாள். ஒனைடா குழாயைத் திறந்தாள். குளிர்ந்த தண்ணீர் பிடரியில் இறங்க, வெர்டெல் கண்ணை மூடிக்கொண்டாள்... எரிகிறது என்று வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை, அதையும் யாரிடம் சொன்னாள், தன்னை ஒருநாளும் நோகடிக்காத ஒனைடாவிடம்.