கயிற்றில் கட்டிய மெழுகுவர்த்தி

"குடிச்சிட்டு விழுந்தாரா? தம்பியப் பொணமாப் போட்டுக்கிட்டு இப்படிச் சொல்ல வாய் கூசலியா மச்சான்?"

அம்சவேணி போட்ட சத்தத்தில் பறையே நின்றுவிட்டது. புருஷன் மாரிச்சாமியின் அண்ணன் பழனியப்பன் பீர்க் கம்பெனியில் மேஸ்திரி. துரை சொன்னதைத் திருப்பிச் சொல்லத்தான் அவனுக்குச் சம்பளம் என்பது ரங்கூனில் அந்த வரிசை வீடுகளுக்கே தெரியும்.

"சத்தம் போடாத புள்ள. தொரை குடும்பம் தர்ம ஆஸ்பத்திரி கட்டுது. ஒரு கட்டிலுக்கு மாரிச்சாமி பேரு போடுறோம்னு சொல்லியிருக்காங்க."

"குடிகாரன்னு எழுதிட்டுக் கட்டிலா? மெழுகுவர்த்திய விட்டுவச்சிருந்தா கட்டிலே வேணாமே!"

பீர் புளித்த தொட்டியின் அடியில் கெட்ட காற்று தங்கும். கழுவ இறங்குகிறவன் முதலில் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்குவான். அது அணைந்தால் இறங்கமாட்டான். சீமையிலிருந்து வந்த ரசாயன துரை, பூதக்கண்ணாடியில் ஈஸ்ட்டையே பார்த்துக்கொண்டிருப்பவர், புகை பட்டால் ஈஸ்ட் கெடும் என்று அதை நிறுத்திவிட்டார். கள் வாடையே ஆகாத மாரிச்சாமி வெறுமனே இறங்கினான்.

பாடை தூக்கியவர்கள் மிச்சம் வைத்த கள்ளை அம்சவேணி சொம்பில் ஊற்றி மூடினாள். எதிர்வீட்டுச் செல்லக்கண்ணு பார்த்துவிட்டாள்.

"எதுக்குடி அது?"

"ஒரு எடத்துல ஊத்தணும்க்கா."

செல்லக்கண்ணு பார்த்தால் தெருவே பார்த்த மாதிரி. அதிசயமாக, அந்த ஒரு தடவை வாயை மூடிக்கொண்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், புருஷனின் சட்டையைக் கேட்டு வாங்க, புளித்துக் காடியான கள்ளுச் சொம்பை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அம்சவேணி கம்பெனிக்குப் போனாள். அங்கே போத்தல் கழுவியவள்தான், யாரும் தடுக்கவில்லை. ரசாயன துரை பிள்ளைபோல ஈஸ்ட் வளர்க்கும் கண்ணாடிக் குடுவைகள் வழியில்தான் இருந்தன. வீடு திரும்பும்போது இடுப்பில் சட்டை இருந்தது, சொம்பு காலி.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரித் திறப்பு விழா. பளிங்குக் கல்லில் துரை குடும்பத்துப் பெயர்கள், பாண்டு வாத்தியம், மாலை. விருந்தில் கம்பெனி பீரை வாயில் வைத்த துரைசானிகளின் முகம் போன போக்கை இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்கள். கிடங்கு முழுக்கக் காடி. ரசாயன துரை மூன்று நாள் பூதக்கண்ணாடியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில், மேஸ்திரி குடித்துவிட்டுக் கவனிக்காமல் விட்டான் என்று எழுதிப் பழனியப்பனின் சீட்டைக் கிழித்தார்கள்.

அவன் அம்சவேணி வாசலில் வந்து நின்றான்.

"நான் குடியத் தொட்டதே இல்லைன்னு நீயாச்சும் சொல்லு புள்ள."

அவள் புடைத்துக்கொண்டிருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு கட்டிலுக்கு உங்க பேரையும் போடச் சொல்லுங்க மச்சான்."

ரசாயன துரை மழைக்கு முன்னாலேயே கப்பலேறினார். பழனியப்பன் மோல்மீன் ஊருக்குப் போய் இட்லிக்கடைக்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அம்சவேணி ரங்கூனிலேயே அலோன் பக்கம் படகுத்துறை ஓரமாக ஓர் அறைக்குக் குடிபோனாள். பால் காய்ச்சக் கூடப்போன செல்லக்கண்ணு இதை மட்டும் வந்து சொன்னாள்: குத்துவிளக்கைக் கீழே வைத்துவிட்டு, கயிற்றில் கட்டிய மெழுகுவர்த்தியைத்தான் முதலில் உள்ளே விட்டாளாம். சுடர் ஆடாமல் நின்றதாம். வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, பிறகுதான் காலை எடுத்து வைத்தாளாம்.