ஒப்பிட்டு முடிக்கறதுக்குள்ள

எல்லாரும் சௌக்கியமா? முட்டி வலியெல்லாம் தேவலையா?

என் மருமக ஒரு பெரிய கிடங்குல ஆளுங்களுக்குப் பயிற்சித் திட்டம் போடற வேலை பாக்குறா. அங்க புது மெஷின் வந்துச்சு. அதுக்கு ஒரு தேர்வு வெச்சாங்க; அதுல சரியா ஓட்டிக் காட்டலைன்னா பேக்கிங் பண்ற பொம்பளைங்களுக்கு வேலை போயிடும். யாருக்கு என்ன தெரியலைன்னு முழுசா அலசிட்டு அப்புறம் பாடம் எழுதறது ஒரு முறை. கொஞ்சம் சொல்லிக் குடுத்து, எங்க தடுமாறுறாங்கன்னு பாத்துப் பாத்துத் திருத்தறது இன்னொண்ணு. இவளுக்கு ரெண்டாவதுதான் சரின்னு பட்டுச்சு; கூட வேலை பாக்குற கண்ணாடிக்காரர் முதலாவதுலயே நின்னார். "ரெண்டையும் ஒப்பிட்டு எழுதுங்க, அப்புறம் வகுப்பு வைக்கலாம்"னுட்டார் மேனேஜர்.

ஒப்பிட்டாங்க, ஒப்பிட்டாங்க, அப்படி ஒப்பிட்டாங்க. "நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பாக்கலையேடி"ன்னு என் பையன் கிண்டல் பண்ணான். தேர்வு தேதி மட்டும் தள்ளிப் போகலை. வகுப்பே நடக்காம அத்தனை பேரும் தோத்தாங்க.

அவங்களுக்கு இன்னொரு வாய்ப்பு குடுங்கன்னு இவ மேனேஜர்கிட்ட ஓடினா. "விடும்மா, யாருக்கு என்ன தெரியலைன்னு இப்போ தெரிஞ்சுபோச்சுல்ல, அந்த முழுசா அலசற முறையிலயே போயிடுங்க"ன்னார்.

"யாருக்கு சார் சொல்லிக் குடுக்கறது? அவங்களைத்தான் அனுப்பிட்டீங்களே."

"புதுசா ஆள் எடுக்கறப்போ உதவும்."

இவ இன்னும் பாடம் எழுதிட்டுத்தான் இருக்கா. சரியாச் சாப்பிடறதில்லை. உங்க வீட்டுல யாருக்காவது இப்படி ஆயிருக்கா? எனக்கு ஒரு வரி எழுதுங்களேன்.