சர்வேயர் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே

சர்வேயரின் மகளுக்கு முதல் மருந்து ஏற்றிய செவ்வாய்க்கிழமை அன்று, அவருடைய வீடு தெருவிலிருந்து நான்கடி பின்னால் போயிருந்தது. சுவரில் ஒரு கீறல் இல்லை, குழாயில் தண்ணீர் நிற்கவில்லை, அலமாரியில் ஒரு தம்ளர்கூடச் சாயவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர் கேட்டைத் திறந்து நடந்தபோது, வழக்கமாக ஏழு தப்படியில் வரும் வாசற்படி ஒன்பதாவது தப்படியில்தான் வந்தது. அசதி என்று நினைத்துக்கொண்டார். ஆனால் இருபது வருஷமாக ஊரார் நிலத்தை அளந்து, எத்தனையோ அண்ணன் தம்பிகள் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்ட மனிதர், தன்னுடைய அசதியை மட்டும் அளக்காமல் விட்டுவிடுவாரா என்ன? கேட்டிலிருந்து வாசற்படிவரை பத்திரத்தில் பதினெட்டு அடி, டேப்பில் இருபத்திரண்டு. டேப் நைந்து நீண்டுவிட்டதோ என்று மறுநாள் ஆபீசில் இருந்த இரும்பு டேப்பைக் கொண்டுவந்து அளந்தார். அதுவும் இருபத்திரண்டு அடிதான் காட்டியது.

குழந்தையை வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். நாலரை வயது, ரத்தத்தில் புற்றுநோய். அந்த வார்த்தையை டாக்டர் சொன்ன வாரம் வாசலில் செருப்பு வைக்க இடமில்லாமல் ஆட்கள் வந்தார்கள். தெரிந்த வைத்தியமெல்லாம் சொன்னார்கள், அழுதார்கள், அழுத கையோடு குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார்கள். பிறகு, வெள்ளையணு குறைந்துவிட்டது, யாரும் பக்கத்தில் வரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அப்புறம் தூரமும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு முறை மருந்து ஏற்றும்போதும் நான்கடி, முதுகுத்தண்டில் ஊசி போட்டால் ஒன்பதடி, காய்ச்சல் வந்து வார்டில் படுக்கவேண்டி வந்தால் ஒரே மூச்சில் அறுபது எழுபது அடி. கேட்டில் நின்று விசாரித்தவர்கள் கொஞ்ச நாள் கத்திப் பேசினார்கள், அப்புறம் கையை ஆட்டினார்கள். மழைக்காலம் முடிவதற்குள், கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். கெட்டவர்கள் என்று ஒருவரையும் சொல்ல முடியாது. எதிர் வீட்டு டீச்சர் போன் செய்து, “தொந்தரவு பண்ண வேணாமேன்னுதான் வரல, தப்பா எடுத்துக்காதீங்க” என்றாள். அதற்குப் பிறகு போனும் குறைந்தது.

நடுவில் விரிந்துகிடந்த நிலம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்து, இல்லாத நிலத்துக்கு எண் கொடுக்க விதி இல்லை என்றும், அதில் நடந்து போவதற்கு ஆட்சேபம் ஏதும் இல்லை என்றும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்வேயருடைய மனைவியின் சொந்த அக்காவே பெரிய பை நிறையத் துணிமணியும் பழமும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பாதி தூரம் வந்தாள். அங்கே உட்கார்ந்தாள். பையை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். “அதுக்கு மேல என்னால முடியலடி, குழந்தைய அந்தக் கோலத்துல பாக்க எனக்குத் தெம்பு இல்ல” என்று போனில் தேம்பினாள். சர்வேயர் போய்ப் பையை எடுத்துவந்தார்.

அவரால் முடிந்தது அளப்பதுதான். ஒவ்வொரு வாரமும் கேட்டின் அடிக்கல்லில் டேப்பைப் பிடித்துக்கொண்டு வீடுவரை அளந்தார், அடையாளத்துக்குக் குச்சி அடித்தார். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், “எங்க வீடு கொஞ்சம் தள்ளிப்போயிடுச்சுங்க, சிரமத்துக்கு மன்னிச்சுக்கோங்க” என்று சொல்லிச் சொல்லி அவருடைய முதுகே லேசாகக் கூன் போட்டுவிட்டது. எதைத் தப்பாகச் செய்தோம், எந்த அஸ்திவாரத்தைச் சரியாகப் போடவில்லை என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. மகளின் தலையில் ஒரு முடி மிஞ்சவில்லை. வாய் முழுக்கப் புண், விழுங்கினால் கண்ணில் தண்ணீர் வரும். வெளியே விட முடியாத குழந்தை, நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது.

பதினோராம் மாதம், வெயில் சாயும் நேரத்தில், டேப்பைச் சுற்றிக்கொண்டு வந்தவரிடம் அது கேட்டது.

“அப்பா, ஏன் எப்பப் பாத்தாலும் நம்ம வீட்டையே அளக்கற?”

“எவ்வளவு தள்ளிப் போச்சுன்னு பாக்கறேன் கண்ணு.”

“நம்ம வீடு எங்கயும் போகலப்பா. தெருதான் போகுது. நான் பாத்துட்டேதான் இருக்கேன். பஸ்ஸு போற மாதிரி போகுது.”

சர்வேயர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போனார். பின்சுவரிலிருந்து கிணறு பதினாலு அடி. பத்திரத்திலும் பதினாலு. கிணற்றிலிருந்து புளியமரம் முப்பத்தொன்று. பத்திரத்திலும் முப்பத்தொன்று. ஓர் அங்குலம் பிசகவில்லை. அசையாத இடத்திலிருந்துதான் அளக்கவேண்டும் என்பது வேலையில் சேர்ந்த முதல் நாள் கற்றுக்கொடுக்கும் பாடம். தெரு அசையாது என்று எந்த மடையன் சொன்னான்? எல்லோரும் ஒரே பக்கமாக நகர்ந்தால், நின்ற இடத்திலேயே நிற்கிறவன்தான் விலகிப் போனவனாகத் தெரிவான். பதினோரு மாதமாகப் போவோர் வருவோரிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். கிணற்றடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கோபமும் வந்தது, நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கிவைத்த மாதிரியும் இருந்தது. ஓடிப்போய் மனைவியிடம் சொன்னபோது அவள் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டிருந்தாள். “யாரு நகர்ந்தா இப்ப என்னங்க? நூறு தாண்டிடுச்சு, வண்டிக்குச் சொல்லுங்க” என்றாள். அதுவும் நியாயம்தான்.

அதன் பிறகு அவர் குச்சி அடிக்கவில்லை. ஒன்றரை வருஷம் அந்த வெட்டவெளியில் மூன்று பேரும் மாத்திரை, ஊசி, ரத்தப் பரிசோதனை என்று வாழ்ந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார். மதியத்தில் காற்று அடிக்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. சில நாள் மனைவி சும்மா வாசலில் நின்று, பழைய பழக்கத்தில், யாரையோ வாங்க வாங்க என்று கூப்பிடுவதுபோலக் கையை அசைத்துவிட்டு உள்ளே வருவாள். அவர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் காகிதத்தை மூன்று தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, ரத்தம் சுத்தமாகிவிட்டது, மருந்தை நிறுத்திவிடலாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார். சிட்டுவுக்கு முடி முளைத்தது, முன்பு இல்லாத சுருட்டையாக. தெரு திரும்பி வரவில்லை. வரும் என்று மனைவி ஒரு மாதம் காலிங் பெல்லைத் துடைத்து வைத்துக் காத்திருந்தாள், பிறகு விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு மகள் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினாள். அவள் நடந்து நடந்து ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்தது.

அந்தப் பாதை நன்றாகப் பதிந்த வருஷம், ஒரு புதன்கிழமை காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி, “என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்” என்று கூப்பிட்டாள். கிழக்கே, கல்லெறி தூரத்தில், நேற்றுவரை வெறும் புல் இருந்த இடத்தில் ஒரு வீடு நின்றது. நீலக் கதவு. தெருக்கோடியில் இருந்த பஸ் டிரைவர் வீடு. அவருக்கு மூன்று வயதில் ஒரு பையன் உண்டு என்பது இருவருக்கும் தெரியும். டிரைவர் வாசலில் இறங்கி நின்று தெரு இருந்த திசையையே வெறித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி படியில் உட்கார்ந்திருந்தாள்.

சர்வேயர் டிரைவரின் பக்கத்தில் போய் நின்றார். சர்வேயரின் மனைவி நேராகப் படியில் இருந்தவளிடம் போனாள். என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று கேட்கவில்லை.

“எத்தனாவது மருந்து?”

“மூணாவதுக்கா.”

“வாய்ப்புண் வந்துடுச்சா?”

“நேத்திலேர்ந்து. தண்ணிகூட இறங்க மாட்டேங்குது.”

சர்வேயரின் மனைவி தலையாட்டினாள். செருப்பை வெளியிலேயே கழற்றினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசல் குழாயில் சோப்புப் போட்டு முழங்கைவரை கையைக் கழுவி, காற்றிலேயே உலரவிட்டு, குழந்தை இருந்த அறைக்குள் போனாள்.