அழாத லைன்

எங்கள் ஏரி லைனுக்கு ஒரு கெட்ட பழக்கம். அது அழாது. வருஷக்கணக்காக அதை அழவிடாமல் பார்த்துக்கொண்டவள் நான்தான். அதனால் யாரையும் திட்டுவதற்கு எனக்கு வாயில்லை. ஆனாலும் திட்டுவேன்.

நான் அந்தப் பிரிவு மின் அலுவலகத்தின் இன்ஜினியர். ஏரிக்குள் வரிசையாக நிற்கிற கம்பங்கள் வழியாகத்தான் எங்கள் பகுதிக்குக் கரண்ட் வருகிறது. சேற்றிலேயே நின்று நின்று அத்தனையும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. பலமாகக் காற்றடித்தால் கம்பி அறும். உடனே ஃபோர்மேன் ஏரிப் பக்கத்தைத் துண்டித்துவிட்டு எனக்குப் போன் போடுவார். "மாத்தட்டுமா மேடம்?" "மாத்துங்கண்ணே." ஆஸ்பத்திரி லைனிலிருந்து எங்களுக்குக் கரண்ட் மாறிவிடும். வீடுகளில் விளக்கு ஒரு முறை கண் சிமிட்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த லைன் எங்கள் பாரத்தையும் சேர்த்து அரை நாளுக்கு மேல் சுமக்காது. பெரும்புயல் ஒன்று வந்து ஏரிக் கம்பங்கள் மொத்தமாகப் படுத்துவிட்டால், தூக்கி நிறுத்த வாரக்கணக்காகும்.

இந்த வருஷம் புயலுக்குத் தாங்குகிற மாதிரி மின்பாதைகளைப் பலப்படுத்த அரசாங்கம் நிதி ஒதுக்கியது. கேள்விப்பட்ட அன்றே பெரிய இன்ஜினியரிடம் ஓடினேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க லைன்ல கரண்ட்டே போகலையேம்மா. எங்க அதிகமாப் போகுதோ அங்கதான் பணம்."

"போகாம நாங்க பாத்துக்கறோம் சார்."

"அங்கதான் தப்புப் பண்ணிட்டீங்க. பக்கத்துப் பிரிவைப் பாருங்க."

பக்கத்துப் பிரிவு இன்ஜினியருக்கு நாங்கள் வைத்த பெயர் கொட்டாவி. கம்பியில் கிளை விழுந்தால், அது காய்ந்து தானாகக் கீழே விழட்டும் என்று காத்திருக்கிற மகான். அவருடைய லைன் பட்டியலில் முதலில் நின்றது. எனக்கு வயிறு எரிந்தது.

பெரிய இன்ஜினியர் குரலைத் தாழ்த்தினார். "அழுத பிள்ளைதாம்மா பால் குடிக்கும். கணக்கு முடிய இன்னும் ஒரு மாசம் இருக்கு. ஒரே ஒரு தடவை, மூணு மணி நேரம் சேர்ந்தாப்ல போச்சுன்னா உங்க லைனும் உள்ள வந்துடும். பிள்ளை தானா அழலைன்னா லேசாக் கிள்ளி விடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

கிள்ளுவது சுலபம். கம்பி அறுகிற அன்று 'மாத்துங்க' என்று சொல்லாமல் இருந்தால் போதும். ஆனால் அந்த லைனில்தான் என் அக்கா வீடும் இருந்தது. அத்தானுக்கு நுரையீரல் கெட்டுப்போய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லையென்றால் அது வெறும் டப்பா. ஒரு பேட்டரி வாங்கி வை என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அக்கா சிரிப்பாள்.

"கரண்ட் ஆபீஸையே கூடப்பொறந்தவளா வச்சுக்கிட்டு எனக்கு எதுக்குடி பேட்டரி?"

மறுவாரம் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரை நானே கொண்டுபோய் அவள் வீட்டில் இறக்கினேன்.

"இது எதுக்குடி?"

"சும்மா இருக்கட்டும்க்கா. ஆத்திர அவசரத்துக்கு."

அத்தான் மூக்குக் குழாயை விலக்கிக்கொண்டு, "உங்க ஆபீஸ் மேல உனக்கே நம்பிக்கை போயிடுச்சா?" என்று மூச்சு வாங்கச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவள் வேறு என்ன செய்வாள்?

கணக்கு முடிகிற கடைசி நாள், மத்தியானம், காற்று கிளம்பியது. மழையும் சேர்ந்துகொண்டது. ஃபோர்மேனிடமிருந்து போன்.

"ஏரிக்குள்ள கம்பி அறுந்துடுச்சு மேடம். துண்டிச்சாச்சு. மாத்தட்டுமா?"

"வேண்டாம்ணே."

"என்ன மேடம்?"

"நான் சொல்றப்ப மாத்துங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன். பாவி மனுஷன், கேட்கவே இல்லை.

எங்கள் அலுவலகமும் அதே லைன்தான். ஃபேன் நின்றது. சாரலுக்கு ஜன்னலைச் சாத்தியிருந்ததால் அறை புழுங்கியது. போன் ஓயவில்லை. ஐஸ் கம்பெனிக்காரர் கத்தினார், மாவு மில்காரர் கெஞ்சினார். எல்லோருக்கும் ஒரே பொய்: "வேலை நடக்குதுங்க." ஒரு வேலையும் நடக்கவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தேன். மாற்றச் சொன்னால் இந்தப் புயலில் அத்தான் பிழைப்பார், அடுத்த பெரும்புயலில் ஊரே மாட்டும். சொல்லாவிட்டால்? இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது அந்த எறும்புக்கு இப்படி வியர்க்கும் என்று எனக்குத் தெரியாது.

அக்கா மட்டும் கூப்பிடவில்லை. சிலிண்டர்தான் இருக்கிறதே, மாட்டியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு மணி நேரம் தாண்டி, மூன்றை நெருங்குகிற நேரத்தில் அவளுடைய போன் வந்தது.

"எங்கடி இருக்கே? மழையில நிக்கறியா?"

"ஆபீஸ்லதான்க்கா. அத்தான் எப்படி இருக்காரு?"

"உதடெல்லாம் நீலமாயிட்டு வருதுடி. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், வழியில மரம் விழுந்து கிடக்காம். உன்னைத் தொந்தரவு பண்ணாதேன்னு அவர் கையைக் கையைக் காட்டறாரு. நீ எப்படியும் சரி பண்ணிட்டுத்தான் இருப்பே, அதான் இவ்வளவு நேரம் கூப்பிடல."

"சிலிண்டரை மாட்டலையா?"

"அதையா? எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு முந்தாநாள் மூச்சுத் திணறல், தூக்கிக் குடுத்துட்டேன். நமக்குத்தான் நீ இருக்கியே."

போனை வைத்தேன். அவசரத்தில் ஃபோர்மேன் நம்பர் இரண்டு முறை தவறியது.

"அண்ணே, மாத்துங்க! இப்பவே!"

"இதோ மேடம்." அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. தலைக்கு மேல் ஃபேன் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. அந்தக் காற்று முகத்தில் பட்டதும் நான் வாய்விட்டு அழுதுவிட்டேன்.

கண்ணைத் துடைப்பதற்குள், கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்த பெரிய இன்ஜினியர் கூப்பிட்டுவிட்டார்.

"அடடா, இன்னும் கால் மணி நேரம் பல்லைக் கடிச்சிருக்கக் கூடாதாம்மா? இனிமே அடுத்த நிதி வந்தாத்தான். பக்கத்துப் பிரிவுக்கு அடிச்சது யோகம். சரி விடுங்க, இத்தனை நாள் எப்படிப் பாத்துக்கிட்டீங்களோ அப்படியே பாத்துக்கங்க."

போனைச் சுவரில் எறியலாமா என்று வந்தது. "சரி சார்" என்றேன்.

பிறகு அக்கா பேசினாள். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நிறம் திரும்பிடுச்சுடி. இப்பத்தான் தண்ணி குடிச்சாரு. நான் சொன்னேன்ல, நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை?"

அத்தான் ஏதோ முணுமுணுத்தார். என்ன, என்ன என்று அக்கா அவர் பக்கம் குனிந்து கேட்டாள். திரும்ப வந்தபோது அவள் குரல் மெதுவாகியிருந்தது.

"அவர் கேக்கறாரு... அன்னிக்கே நீ சிலிண்டர் கொண்டுவந்து வச்சியே. கரண்ட் போகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

மத்தியானம் முழுக்க ஊரே கேட்கப் பொய் சொன்ன வாய்க்கு அந்த நேரம் ஒரு பொய் வரவில்லை.

"ஒரு பேட்டரி வாங்கிடுக்கா" என்றேன்.

இந்த முறை அவள் சிரிக்கவில்லை.